ஜெனரல் ஒளித்து வைத்த மாடு

விடிந்தும் விடியாததுமாகத் தேசப் பாதுகாப்பு மந்திரி ஜெனரல் லாசரோ முதுங்கி செய்த முதல் வேலை, ஒரு பசுமாட்டை ஒளித்து வைத்தது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கோலே சீமையில் கல்யாண வயதுப் பிள்ளை வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். பெண் கேட்டு, பேசி முடித்து, மாப்பிள்ளை வீடு எட்டு மாடு சீர் தருவது என்று முடிவானபின், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து தொழுவத்தில் இறங்கித் தாங்களே மாடு பொறுக்குவார்கள். அன்றைக்குத் தொழுவத்தில் நிற்கிற மாட்டில் எதைக் கைகாட்டினாலும் கொடுத்தாக வேண்டும். அதனால் உயிருக்குயிரான மாடு மட்டும் அன்று காலை அக்கம்பக்கத்துப் பண்ணைக்கு விருந்தாடப் போய்விடும். வருகிறவர்களுக்கும் இது தெரியும். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தபோது அவர்களும் ஒளித்தவர்கள்தானே.

ஜெனரல் ஒளித்தது பிஹோகோவை. ஈரமண் போன்ற அடர்சிவப்பு, ஒரு வெள்ளைப் பொட்டுக்கூடக் கிடையாது. கொம்பு இரண்டும் விரித்த கை அளவுக்குப் போய் மேலே வளைந்து நிற்கும். தலைநகரத்தில் கூட்டத்துக்கு நடுவே ஜெனரல் கண்ணை மூடினால், நாட்டைப் பற்றி யோசிக்கிறார் என்று அதிகாரிகள் பேனாவைக் கீழே வைப்பார்கள். அவர் யோசித்தது பெரும்பாலும் பிஹோகோவைப் பற்றித்தான்.

மாட்டை அடுத்த மேட்டில் இருந்த தன் சித்தப்பா மகனின் பண்ணைக்கு ஓட்டச் சொன்னார். அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. பழக்கதோஷம், மாட்டுக்குக் காவலும் போட்டார்.

"அஃபாண்டே," என்று சார்ஜென்ட் ஓபொலோத் விறைப்பாக நின்றான். அந்த நாட்டுப் படையில் மேலதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "எதிரி எந்தப் பக்கமா வருவான்?"

"எதிரி இல்லடா, சம்பந்தி."

"சரி அஃபாண்டே. சம்பந்தி எந்தப் பக்கமா வருவார்?"

"அவர் நேரா இங்க வருவார். நீ மாட்டைப் பாத்துக்க. மாட்டுப் பக்கத்துல யாரையும் விடாதே. யாரா இருந்தாலும் சரி."

பால் மணக்கக் குடுவைகளுக்குப் புல்புகை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கெலன், லாரியில் ஏறும் சிப்பாய்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாட்டை ஒளிக்கிறீங்களா, இல்ல ஊருக்கு அறிவிக்கிறீங்களா? துப்பாக்கியோட ஆறு பேர் ஒரு மாட்டைச் சுத்தி நின்னா, போற வர்றவன் என்னன்னு எட்டிப் பாக்க மாட்டானா?"

"பாதுகாப்பைப் பத்தி எனக்குச் சொல்லிக் குடுக்காதே."

"அதுவும் சரிதான். நாட்டுக்கே நீங்கதானே சொல்லிக் குடுக்கிறீங்க," என்று அவள் குடுவையைக் கவிழ்த்தாள்.

மாட்டுக்குக் கூடக் காவல் போடுகிற நிலைக்கு முதுங்கி ஒரே நாளில் வந்துவிடவில்லை. மீசை முளைக்கிற வயதில் மாடுகளை அண்ணனிடம் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்க் கலகப் படையில் சேர்ந்தவர் அவர். காட்டில் இருந்தவர்கள் தலைநகரத்தைப் பிடித்தபோது கேப்டனாக வெளியே வந்தார். பிறகு மேஜர், கர்னல், பிரிகேடியர் என்று தோளில் பட்டை ஏறிக்கொண்டே போனது. வடக்கே சண்டைக்குப் போனார், எல்லை தாண்டியும் போனார், பீரங்கிச் சத்தத்தில் இடது காது மந்தமாகித் திரும்பி வந்தார். ஜெனரல் ஆனதும், போதும், மாடு மேய்க்கப் போகிறேன் என்று எழுதிக் கேட்டார். பெரிய அதிகாரிகளை அவ்வளவு சுலபத்தில் விட்டுவிடுகிற படை அல்ல அது. கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் மாலை பால் கறக்கிற நேரத்தில் ரேடியோவில் அவர் பெயரைச் சொன்னார்கள். அந்த நாட்டில் மந்திரியாகிறவருக்கும் ஊராருக்கும் ஒரே நேரத்தில்தான் சங்கதி தெரியும்.

"உங்களையா சொன்னான்?" என்று கெலன் கேட்டாள்.

"என்னைத்தான் போல."

"அப்ப மாடு?"



மந்திரியானபின் முதுங்கிக்கு எல்லாம் வந்தது. முன்னால் ஒரு வண்டி, பின்னால் இரண்டு வண்டி, கதவு திறக்க ஓர் ஆள். ஆனால் ஒன்று போனது. யாரும் அவரோடு பேரம் பேசவில்லை. சந்தையில் ஒரு காளையைத் தடவிப் பார்த்து விலை கேட்டால், "எடுத்துட்டுப் போங்க முஸே, உங்களுக்கில்லாததா" என்பார்கள். முஸே என்றால் பெரியவரே என்று அர்த்தம். அந்தக் குரலில் மரியாதையும் இருந்தது, சீக்கிரம் இடத்தைக் காலி பண்ண மாட்டாரா என்ற தவிப்பும் இருந்தது. அங்கோலேக்காரனுக்கு மாடு வாங்குவதே சண்டை போடத்தான். சும்மா கிடைத்த காளையை வீட்டுக்கு ஓட்டி வந்து அவர் உம்மென்று உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்டவரின் மகன் அய்ஜூகா, பல்கலைக்கழகத்தில் தன்னோடு படித்த கெம்பாபாசி என்ற பெண்ணைக் கட்டப் போகிறேன் என்றான். யார் மகள் என்று கேட்டார். யோவாசி கபிரிசியின் மகள்.

"எந்தக் கபிரிசி?"

"அந்தக் கபிரிசிதான்ப்பா."

கபிரிசி உள்ளூர் ரேடியோவில் பேசுகிறவர். தண்ணீர் வராத ஊர், மருந்தில்லாத ஆஸ்பத்திரி, எதையும் விடமாட்டார். ஒரு தேர்தல் சமயத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழை தொடங்கும்போது போனவர், மழை விட்டபின் தாடியோடு வந்தார். அப்போது பாதுகாப்பு மந்திரி முதுங்கிதான்.

அவரைப் பிடிக்கச் சொன்னது தான்தானா என்று முதுங்கிக்கு நினைவில்லை. அந்தக் காலத்தில் எத்தனையோ காகிதம் வந்தது. சிலதில் கையெழுத்துப் போட்டார், சிலது அவரைக் கேட்காமலே நடந்தது. செய்தது நினைவிருந்தாலாவது பயத்துக்கு ஓர் அளவு இருந்திருக்கும். ஆபீசில் ஆளை விட்டு விசாரிக்கலாம் என்று வாயெடுத்தார். கெலன் விடவில்லை.

"சம்பந்தி வீட்டைப் பத்தி உங்க ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். மத்தவங்க மாதிரி தெரியாமத்தான் சம்பந்தம் பண்ணணும்."

எல்லோரைப் பற்றியும் எல்லாம் தெரிந்தவர், தெரிய வேண்டிய ஒன்றைத் தெரியாமல் தவித்தார். பெரியவர்களை விட்டுப் பேசித்தான் சீர் முடிவானது. இரண்டு அப்பாக்களும் இன்னும் முகம் பார்க்கவில்லை. மாடு பொறுக்கப் பெண்ணின் அப்பா வரவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனால் தானே வருகிறேன் என்று கபிரிசி சொல்லியனுப்பியிருந்தார். ஏன் வருகிறார்? தொழுவத்தின் நடுவில் நின்று, ஊர் பார்க்க, உன் மாடும் வேண்டாம் உன் மகனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவா?

காலையிலிருந்து அய்ஜூகா தலைநகர் கம்பாலாவிலிருந்து ஃபோன் மேல் ஃபோன் போட்டான். மாடு பொறுக்கும் இடத்தில் மாப்பிள்ளை தலைகாட்டக்கூடாது. "அப்பா, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் அவ கல்யாணம் பண்ணிக்க மாட்டா. தயவுசெஞ்சு நீங்க மந்திரி மாதிரி பேசாதீங்க."

"வேற எப்படிடா பேசுறது?"

"அம்மாகிட்டப் பேசுற மாதிரி."

வெயில் ஏறியபோது பெண் வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். மூன்று பேர். முன்னால் வந்தவர் எரியாபு, பெண் வீட்டுப் பேச்சாளர். கையில் தடி, தலையில் தொப்பி, வாய் நிறையப் பேச்சு. தொழுவத்தை ஒரு பார்வை பார்த்தார். "என்ன முஸே, இவ்வளவுதானா? நல்ல மாடெல்லாம் ஓட்டுப் போடப் போயிருக்கா?"

கூட வந்த இருவரும் மூச்சை நிறுத்திக்கொண்டார்கள். முதுங்கி சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை.

"சம்பந்தி எங்கே?" என்றார்.

"இன்னும் வரலையா? மேட்டுக்குக் கீழயே வண்டியை நிறுத்தி எறங்கிட்டாரே. நீங்க முன்னாடி போங்க, நான் கொஞ்சம் நடந்து வரேன்னார்."

அவர் இல்லாமல் பொறுக்குவது முறையல்ல. கெலன் பால் கொடுத்தாள். கேழ்வரகுக் களியும், வெண்ணெயை அடித்துச் செய்த வெள்ளைச் சாறும் வந்தன. எரியாபு இரண்டாவது குடுவைப் பாலையும் காலி செய்துவிட்டு வாசலைப் பார்த்தார். முதுங்கியும் பார்த்தார். வழியில் யாரும் இல்லை. ஆள் திரும்பிப் போய்விட்டார் என்று அவருக்குத் தோன்றியது. வாசல்வரை வந்து மாடு பொறுக்காமல் போவதைவிடப் பெரிய அவமானம் அந்தச் சீமையில் கிடையாது. மகனிடம் என்ன சொல்வது என்று அவர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. ஓபொலோத்.

"அஃபாண்டே, ஒருத்தனைப் பிடிச்சிட்டோம்."

"எங்கே?"

"மாட்டுகிட்டத்தான் அஃபாண்டே. சுத்திச் சுத்தி வந்தான். கொம்பைத் தடவினான். வாலைத் தூக்கிப் பாத்தான். யார்றா நீன்னு கேட்டா, மாட்டுக்குச் சொந்தக்காரன்னு சொல்றான். பேர் சொல்ல மாட்டேங்கிறான். ஷூவைக் கழட்டி உக்கார வச்சிருக்கோம்."

"ஆள் எப்படி இருக்கான்?"

"வயசானவன். கோட்டு போட்டிருக்கான். வெள்ளைத் தாடி."

முதுங்கிக்கு நல்ல காதிலும் ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"அவரைத் தொடாதே. நீ எதையும் தொடாதே. நான் வரேன்."

எழுந்தவரின் முகத்தைப் பார்த்ததும் கெலனுக்குப் பாதி புரிந்துவிட்டது. "யாரைப் பிடிச்சிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று நின்று பார்க்க அவருக்கு நேரமில்லை. "இன்னொரு குடுவை பால் குடுத்து எரியாபுவைப் பிடிச்சு வை," என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "உக்கார வை," என்று திருத்தினார்.

காவல் வண்டி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மாட்டுக்கு உப்பு ஏற்றும் பழைய பிக்அப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போனார். கியர் அவர் சொல் கேட்கவில்லை. மேட்டுப்பாதை முழுக்க அவர் அந்தக் கியரைத் திட்டியதில், அவர் படையில் கற்றதெல்லாம் வெளியே வந்தது.

மேட்டில் ஒரு கறையான் புற்றின் மேல் கபிரிசி உட்கார்ந்திருந்தார். கோட்டுப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. கால் மட்டும் வெறுங்கால். பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு பேர். கொஞ்சம் தள்ளி பிஹோகோ, நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாததுபோல் மேய்ந்துகொண்டிருந்தாள்.

"ஷூவைக் குடு," என்றார் முதுங்கி.

"எந்த ஷூ அஃபாண்டே?"

"அவர் ஷூடா மடையா! அவர் என் சம்பந்தி!"

ஓபொலோத்தின் கண் பிதுங்கியது. "நேரா வீட்டுக்கு வருவார்னு நீங்கதானே அஃபாண்டே..."

"பையனைத் திட்டாதீங்க," என்றார் கபிரிசி. ரேடியோவில் கேட்ட அதே கனத்த குரல். "மரியாதையாத்தான் பிடிச்சான். போன தடவை வந்தவங்க பெல்ட்டையும் சேத்து வாங்கிட்டாங்க. ரெண்டு கையாலயும் பேண்டைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன்."

முதுங்கி சிப்பாய்களைக் கீழே போகச் சொன்னார். அவர்கள் தலை மறைகிறவரை நின்றார். பிறகு, உட்கார இடம் பார்த்து, கிடைக்காமல், கபிரிசியின் காலடியில் புல்லிலேயே உட்கார்ந்தார். தொந்தி இடித்தது.

"மாடு உங்களுதுன்னு சொன்னீங்களாம்," என்று ஆரம்பித்தார். வேறு எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆமா. நான் பொறுக்கின மாடு."

"இன்னும் பொறுக்கவே ஆரம்பிக்கலையே."

"நீங்க ஆரம்பிக்கல. நான் பொறுக்கி ஆறு வருஷம் ஆச்சு." கபிரிசி மாட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உள்ள நாங்க நிறையப் பேர், ஒரே ரூம். பாதிப் பேர் நம்ம பக்கத்து ஆளுங்க. விளக்கை அணைச்சா தூக்கம் வராது. அதனால மாடு பொறுக்குவோம். ஒருத்தன் அவன் வீட்டுத் தொழுவத்தைச் சொல்லுவான், எந்த மாடு என்ன நிறம், கொம்பு எப்படி, தாய் எது, எல்லாம். மத்தவன் பெண் வீட்டுக்காரன் மாதிரி எறங்கிப் பொறுக்குவான். அது நொண்டி, இது மலடு, நல்லதை எங்கடா ஒளிச்சேன்னு ஒரே சண்டை. சிரிச்சுச் சிரிச்சு வயித்தை வலிக்கும். கொஞ்ச நாள்ல எங்க தொழுவமெல்லாம் தீந்துபோச்சு. அப்ப ஒருத்தன் சொன்னான், வாங்கடா மந்திரி தொழுவத்துக்குப் போவோம்னு."

முதுங்கி மாட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்ககிட்ட மாடு மேய்ச்ச ஆள் ஒருத்தனும் எங்களோட இருந்தான். அவன்தான் ஒவ்வொண்ணாச் சொன்னான். கடைசியா சொன்னான், அடர்சிவப்புல ஒரு கிடாரிக் கன்னு பொறந்திருக்கு, ஒரு பொட்டுகூட இல்ல, மந்திரி மடியில வச்சுத் தடவிக் குடுப்பார்னு. நான் டக்குனு கையைத் தூக்கிட்டேன். அது எனக்குன்னேன். அன்னையிலேருந்து தெனம் ராத்திரி அவளைத்தான் வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போவேன். வேற எவனையும் எடுக்க விடல. இன்னைக்குக் கீழ வண்டியில வரும்போது மேட்டுல பாத்தேன். சுத்தி ஆறு துப்பாக்கி நிக்குது, நடுவுல சிவப்பா ஒண்ணு. அவளாத்தான் இருக்கணும்னு எறங்கிட்டேன்."

காற்று அடித்து நின்றது. முதுங்கி இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார். "உங்களை உள்ள வைக்கச் சொன்னது நானா?"

"கையெழுத்து யாருதுன்னு எனக்கு எவனும் காட்டல," என்றார் கபிரிசி. "ஆனா ரேடியோல பேசினது நீங்க. நான் வேலை பாத்த அதே ரேடியோ. கபிரிசி எங்கேன்னு கேட்டாங்க. 'அவர் எங்க விருந்தாளி, நல்லா சாப்பிடுறார்'னு சொன்னீங்க. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. என் சம்சாரம் கேட்டுக்கிட்டிருந்தா. கெம்பாபாசியும் பக்கத்துலதான் இருந்தா."

அது முதுங்கிக்கு நினைவு வந்தது. அந்தச் சிரிப்பு நினைவு வந்தது. நன்றாகச் சொன்னோம் என்று அன்றைக்குக் காரில் ஏறும்போது தன்னையே மெச்சிக்கொண்டதும் நினைவு வந்தது. யாரைப் பற்றிச் சொன்னோம் என்பது மட்டும் மறந்திருந்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. போர்க்களத்தில் முதுகைக் காட்டாதவர், ஒரு புற்றின் மேல் உட்கார்ந்திருந்த வெறுங்கால் மனிதரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் புல்லைப் பிடுங்கினார்.

"தப்பு," என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்ததால் கரகரத்தது. "சொன்னதும் தப்பு. வச்சிருந்ததும் தப்பு. நான் மன்னிப்புக் கேக்கிறேன்."

கபிரிசி தாடியைத் தடவினார். "அவ உங்க பையனைத்தான் கட்டுவேன்னு சொல்லி ஒரு வருஷம் ஆச்சு. நல்ல பையன். நான்தான் இழுத்தடிச்சேன். வாயில சரின்னு வரல. வழக்கம்னு ஒண்ணு நமக்கு இருக்குல்ல? மாப்பிள்ளை வீடு மரியாதைக் குறைவு பண்ணினா பெண் வீட்டுக்கு அபராதம் கட்டணும்."

"கட்டணும்," என்றார் முதுங்கி அவசரமாக. "சொல்லுங்க."

"இன்னைக்குப் பிடிச்சு உக்கார வச்சதுக்குச் சின்ன அபராதம். ஷூவுக்கு லேஸ் மாட்டிக் குடுங்க. உருவிட்டான் உங்க ஆளு."

லேஸ் இரண்டும் ஷூவுக்குள்ளேயே சுருண்டு கிடந்தன. முதுங்கி மாட்ட ஆரம்பித்தார். நுனி பிரிந்திருந்தது, எச்சில் தொட்டு முறுக்கினார், ஓட்டைக்குள் போக மறுத்தது. தன் ஷூவுக்கே அவர் லேஸ் கட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. கபிரிசி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

"அன்னைக்கு வச்சதுக்கு?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார் முதுங்கி. கோர்ட்டா, பத்திரிகையா, கல்யாணப் பந்தலில் மைக் பிடித்து ஒரு பேச்சா, எல்லாவற்றையும் இரவுகளில் யோசித்துப் பார்த்திருந்தார்.

"மாடு," என்றார் கபிரிசி. "அவதான். எட்டுல சேக்கக்கூடாது. அவ தனி."

முதுங்கியின் கை நின்றது. பிஹோகோ தலையைத் தூக்கி அசை போட்டாள். நெஞ்சில் ஒரு பக்கம் சுருக்கென்று வலித்தது, மறுபக்கம் லேசாகியது. லேசானதுதான் அதிகம். இத்தனை நாள் பயந்த பயத்துக்கு இந்த மனுஷன் மாடுதான் கேட்கிறார்! தொழுவத்தில் கேட்கிற மாதிரி, கையை நீட்டி, இதைக் கொடு என்று கேட்கிறார்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு. "கன்னுக்குட்டி வீட்டுல இருக்கு. கன்னை நான் வச்சுக்கிறேன்."

"கன்னு தாயோட வரும்."

"அடுத்த ஈத்துக் கன்னாவது எனக்கு."

"காளைக் கன்னா இருந்தா யோசிக்கலாம்."

"காளைக் கன்னை வச்சு நான் என்ன பண்றது? பாதிப் பால் குடுங்க அப்ப."

"உள்ள எனக்குப் பாதிப் பாலா குடுத்தீங்க? தண்ணிக் கஞ்சி குடுத்தீங்கய்யா!"

"இது அநியாயம்!"

"எது அநியாயம்? எதுங்கறேன்?"

இரண்டு கிழவர்களும் குரலை உயர்த்தியதில் கீழேயிருந்து ஓபொலோத் துப்பாக்கியோடு ஓடி வந்தான். முதுங்கி கையில் ஷூவோடு அவனைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. பேரம் பேசுகிறார்கள். தன்னோடு ஒருத்தர் பேரம் பேசுகிறார். மந்திரியான நாளிலிருந்து யாரும் செய்யாத காரியம். அவருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கபிரிசி கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, பிறகு தாடிக்குள்ளே சிரித்தார்.

"மூணு மாசத்துக்கு ஒரு மாடு ஈடாகாது, தெரியும்ல?" என்றார் சிரிப்பு அடங்கியபின்.

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. லேஸை இறுக்கிக் கட்டுங்க. மேடு எறங்கணும்."

பிக்அப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்கள். மாட்டை ஓட்டியது முதுங்கிதான்; அவள் வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். பின்னால் தூரத்தில் ஆறு சிப்பாய்களும், காவல் காக்க ஒன்றுமில்லாமல், துப்பாக்கியை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் வந்தார்கள். பாதையோரத்தில் விறகு சுமந்து வந்த பெண்கள், மந்திரி கையில் தடியோடு மாட்டின் பின்னால் போவதைப் பார்த்துச் சுமையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.

வாசலில் பிஹோகோவின் கொம்பு தெரிந்ததும் எரியாபு குதித்து எழுந்தார். "ஓட்டுப் போட்டுட்டு வந்துடுச்சுடா!"

இந்த முறை முதுங்கிக்குச் சிரிப்பு தானாக வந்தது. அவர் சிரித்ததும் கூட வந்த இருவருக்கும் வாய் திறந்துகொண்டது. அதற்கப்புறம் தொழுவத்தில் நடந்ததைச் சொல்லி மாளாது. இந்த மாடு ஒற்றைக் கண், அந்த மாடு கிழம், இதை மந்திரி வீட்டு வாசலில் கட்டினால் திருடன்கூடத் தொடமாட்டான் என்று எரியாபு தடியால் குத்திக் குத்திக் காட்டினார். முதுங்கி தொண்டை கிழியக் கத்தினார். சாணியில் வழுக்கினார். எட்டு மாடும் முடிவானபோது சட்டையெல்லாம் புழுதி, முகமெல்லாம் வியர்வை. படையில் சேருவதற்கு முன்னால் அவர் அப்படித்தான் இருந்தார் என்று கெலன் எரியாபுவிடம் சொன்னாள்.

பொழுது சாயும் முன் மாடுகள் கிளம்பின. பிஹோகோவும் கன்றும் கடைசி. ஒரு மாடு தொழுவத்தை விட்டுப் போகும்போது, அதோடு வீட்டின் அதிர்ஷ்டமும் போய்விடாமல் இருக்க, வாலில் நாலு மயிர் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். முதுங்கி பிடுங்கினார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துவிட்டார், கழுத்தைத் தட்டினார், பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

ஃபோன் அடித்தது. அய்ஜூகா. "அப்பா? என்ன ஆச்சு? அவர் என்ன சொன்னார்?"

"சரின்னுட்டார்டா. எட்டுக்கு மேல ஒண்ணு கூடப் போச்சு."

"எது?"

"பிஹோகோ."

"பரவாயில்லையாப்பா?" என்று மெதுவாகக் கேட்டான் மகன்.

"கேட்டார்டா," என்றார் முதுங்கி. "மந்திரின்னு பாக்காம வாய்விட்டுக் கேட்டார்." அதற்குமேல் விளக்க அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வைத்தார்.

கபிரிசி வாசல் தாண்டிவிட்டார். கையில் தடி, முன்னால் சிவப்பு மாடு, காலில் கோணல்மாணலாக லேஸ் கட்டிய ஷூ. பாதை திரும்புகிற இடத்தில் நின்று, தொழுவத்துப் படலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த ஜெனரலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ரேடியோவுக்கென்றே அமைந்த குரல் அது. பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

"கவலைப்படாதீங்க சம்பந்தி! இனிமே அவ எங்க விருந்தாளி! நல்லா சாப்பிடுவா!"

கெலனுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். முதுங்கி படலில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க நின்றிருந்தார். தொட்டுத் திருப்பினாள். கண் முழுக்க நீர், முகம் முழுக்கச் சிரிப்பு.

"கேட்டியா?" என்றார். "நல்லா சாப்பிடுவாளாம்."

கையில் இருந்த நாலு மயிரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பால் கறக்க நேரமாயிற்று என்று உள்ளே போனார்.